பிற நாயைக் கண்டால் பாயும் நாயைப் பழக்குவது எப்படி?

ஊரில் வளவுக்கு ஒரு நாய் இருந்தது. வேலிக்கு உள்ளே அதன் காவல். அடுத்த வளவில் அடுத்த நாயின் காவல். இரண்டும் வேலியோரம் வந்து ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும். பிறகு தத்தம் நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும். சண்டை வருவது குறைவு. வந்தாலும், தோற்ற நாய் ஓடி ஒளிவதற்குத் தன் வளவு என்று ஒன்று இருந்தது.

இடப்பெயர்வு இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. உறவினரின் வளவில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து இருக்க நேரிடுகிறது. நலன்புரி நிலையத்தில் ஒரு கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் இடையே பத்தடி இருந்தாலே பெரிய காரியம். திரும்பிப் போன காணியிலோ வேலி இன்னும் அடைபடவில்லை. ஆளில்லாத காலத்தில் பெருகிய கட்டாக்காலி நாய்கள் பற்றைகளுக்குள் திரிகின்றன. நாம் கூட்டிவந்த நாய், தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாய், பிள்ளைகள் வழியில் எடுத்து வளர்த்த குட்டி எல்லாம் ஒரே குழாயடியிலும் ஒரே குப்பைக் குழியிலும் சந்திக்கின்றன.

விளைவு நமக்குத் தெரியும். நாய்களின் சண்டை இரண்டு வீட்டுச் சண்டையாக முடிகிறது. பிரிக்கப் போனவரின் கை கிழிகிறது. சினை ஆடு வெருண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் யாரோ ஒருவர் சோற்றில் நஞ்சு வைக்கிறார். அல்லது வீட்டுக்காரரே நாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்த் தூரத்துச் சந்தியில் விட்டுவிட்டு வருகிறார். அந்த நாய் அங்கே இன்னொரு கட்டாக்காலியாகிறது. இங்கே காட்டுப்பன்றிக்கும் கள்ளனுக்கும் இராக் காவல் இல்லாமல் போகிறது.

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது பழமொழி. வாலைப் பற்றி அது சரியாக இருக்கலாம். குணத்தைப் பற்றிச் சரியல்ல. பிற நாயைக் கண்டவுடன் பாயும் நாய்களில் பல, அச்சத்தினால்தான் பாய்கின்றன. அச்சத்தை அடித்துப் போக்க முடியாது. தூரம், தீனி, பொறுமை ஆகிய மூன்றையும் கொண்டு அதைத் தணிக்கலாம். நாளுக்குக் கால் மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

நாய் ஏன் சண்டை பிடிக்கிறது?

காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. பொதுவான காரணங்கள் இவை:

1. அச்சம். நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது கிழமை முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது கிழமை வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து, 1965இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்கள். அந்தக் கிழமைகளில் பிற நாய்களோடு பழகாத குட்டி, வளர்ந்த பின் பிற நாயைக் கண்டால் மிரளும். ஓட வழி இருந்தால் ஓடும். வழி இல்லாவிட்டால் முந்திக்கொண்டு பாயும். முன்பு பலமாகக் கடிபட்ட நாயும் இப்படியே நடக்கும்.

2. கட்டு. குட்டைக் கயிற்றில் நாள் முழுவதும் கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியே கிடையாது. முன்னால் போகும் ஒவ்வொரு நாயும் அதற்கு ஓர் ஆபத்து. குரைத்துப் பாய்ந்தால் மற்ற நாய் போய்விடுகிறது. "நான் பாய்ந்தேன், அது போய்விட்டது" என்று நாய் கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் வேகமாகப் பாயும்.

3. உணவு. பலருடைய மிச்சச் சோறும் ஒரே இடத்தில் கொட்டப்படும்போது நாய்களுக்குள் போட்டி வரும். பசித்த நாய்க்குப் பொறுமை குறைவு.

4. பருவம். பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு ஏழு மாதத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய மூன்று கிழமைகள் பருவத்தில் இருக்கும். அக்காலத்தில் அயலிலுள்ள கடுவன்கள் எல்லாம் கூடிச் சண்டை பிடிக்கும். குட்டி ஈன்ற பெட்டையும் தன் குட்டிகளுக்காகச் சீறும். அது சில கிழமைகளில் தணிந்துவிடும்.

5. நோவு. காதுக்குள் புண், புழு வைத்த காயம், சொறி, உண்ணிக் காய்ச்சல், மூட்டு நோவு முதலியவை நாயைச் சினமூட்டும். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று சீறினால் முதலில் உடம்பைத் தடவிப் பாருங்கள்.

முதலில் நோயை விலக்கிக்கொள்ளுங்கள்

பழக்கத் தொடங்குமுன் இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது, விசர்நோய் இல்லை என்று உறுதி செய்தல். நாயின் குணம் திடீரென மாறுதல், குரல் மாறுதல், வாயில் எச்சில் வடிதல், கீழ்த்தாடை தொங்குதல், நடை தள்ளாடுதல், கல்லையும் தடியையும் கடித்தல், இருட்டில் ஒளிதல் ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். இப்படிப்பட்ட நாயைப் பழக்க முயல வேண்டாம், தொடவும் வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள்.

இரண்டாவது, தடுப்பூசி. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு வைத்தியசாலைகளில் ஊசி கிடைத்ததாலும் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது முப்பதாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இடம் மாறித் திரியும் குடும்பங்களின் நாய்கள் ஊசிக்குத் தப்பிவிடுவது எளிது. நாய்களுக்கான அரசாங்கத் தடுப்பூசி இலவசம். எங்கே, எப்போது போடுகிறார்கள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். அந்த அட்டையை அடையாள அட்டைகளோடும் காணி உறுதியோடும் ஒரே பையில் வையுங்கள். மறுபடியும் இடம் மாற நேர்ந்தால் அது கையில் இருக்கும்.

நாய்ச் சண்டையில் உங்கள் நாய் கடிபட்டால், ஊசி போட்ட நாயானாலும் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். காயத்தைக் கழுவும்போது கையில் பொலித்தீன் பை மாட்டிக்கொள்ளுங்கள். கடித்த நாயின் எச்சில் அந்தக் காயத்தில் இருக்கும்.

அடி ஏன் உதவாது?

பிற நாயைக் கண்டு நம் நாய் உறுமுகிறது. நாம் தடியால் ஓர் அடி போடுகிறோம். அது அடங்கிவிடுகிறது. "திருந்திவிட்டது" என்று நினைக்கிறோம்.

நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிற நாய் தோன்றியது. உடனே முதுகில் அடி விழுந்தது. பிற நாய் வந்தால் நோவு வரும் என்று அது படித்துக்கொள்கிறது. முன்பு இருந்த அச்சத்தோடு இப்போது இன்னோர் அச்சமும் சேர்ந்துவிட்டது.

இன்னொரு கேடும் உண்டு. உறுமல் என்பது எச்சரிக்கை. "கிட்ட வராதே, நான் கடிக்க நேரிடும்" என்று நாய் முன்கூட்டியே சொல்கிறது. உறுமும்போதெல்லாம் அடித்தால் நாய் உறுமலை நிறுத்திவிடும்; கடியை நிறுத்தாது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய்தான் பிள்ளைகள் உள்ள வீட்டில் மிகவும் ஆபத்தானது.

ஒரு சிறுவனும் ஒரு முயலும்

நாம் சொல்லப்போகும் முறை புதியதல்ல. ரஷ்ய நாட்டின் பாவ்லோவ், சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு வருமுன் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒலியைக் கேட்கச் செய்தால், சில நாட்களில் அந்த ஒலிக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று அவர் காட்டினார். முன்னால் வரும் அடையாளம் பின்னால் வரும் நன்மையின் நிறத்தைப் பெற்றுவிடுகிறது.

இதை அச்சத்தைப் போக்கப் பயன்படுத்தியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1924இல் அவர் எழுதிய அறிக்கையில் பீற்றர் என்ற பெயரில் ஒரு சிறுவன் வருகிறான். மூன்று வயதுகூட நிரம்பாதவன். முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து உண்ணவைத்து, கூட்டில் அடைத்த முயலை, அவன் உண்பதைக் குழப்பாத தூரத்தில் வைத்தார்கள். நாளுக்கு நாள் கூடு சிறிது சிறிதாகக் கிட்ட வந்தது. முடிவில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் பீற்றர் விட்டுக்கொடுத்தான்.

நடுவில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. பீற்றர் காய்ச்சலில் விழுந்து இரண்டு மாதம் வைத்தியசாலையில் இருந்தான். அங்கிருந்து திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் அவனை வெருட்டிவிட்டது. பழைய அச்சம் முழுவதும் திரும்பியது. அவர்கள் கைவிடவில்லை. தூரத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். நாயைப் பழக்கும்போதும் இப்படிப் பின்னடைவு வரும். அப்போது பீற்றரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

தீனி: நாய்க்கு மிகவும் பிடித்ததாக இருக்க வேண்டும். வெறும் சோறு போதாது. அவித்த ஈரல், அவித்த முட்டை, முள் நீக்கிய அவித்த மீன் முதலியவை நல்லவை. கருவாடானால் தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கிக் கொடுங்கள். துண்டு சுண்டுவிரல் நகத்தின் அளவு இருந்தால் போதும். ஒரு முட்டையை முப்பது துண்டாக்கலாம். இந்தத் தீனியை வேறு நேரத்தில் கொடுக்க வேண்டாம்.

பட்டி: கழுத்தைச் சுருக்காத அகலமான பட்டி. சுருக்கு முடிச்சு வேண்டாம். இழுக்க இழுக்கக் கழுத்து நெரிந்து, பிற நாயின் மேல் கோபம் கூடும். சாக்குப் பட்டியை மார்பைச் சுற்றிவரத் தைத்து அணிவித்தால் இன்னும் நல்லது.

கயிறு: ஆறு ஏழு அடி நீளமான உறுதியான கயிறு. கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். நாய் திடீரெனப் பாய்ந்தால் விரல் முறியும்.

துணை: சாதுவான நாய் ஒன்றும், அதைக் கயிற்றில் பிடித்திருக்க ஓர் அயலவரும்.

முன்பே பிற நாயைக் கடித்துக் காயப்படுத்திய நாயானால், கன்றுக்கு இடுவது போன்ற, காற்றுப் போகும் வாய்க்கூடு ஒன்றும் வேண்டும். அதையும் தீனி கொடுத்துச் சில நாள் பழக்கியே அணிவிக்க வேண்டும். துணியாலோ கயிற்றாலோ வாயை இறுக்கிக் கட்ட வேண்டாம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. நம் வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

பழக்கும் முறை

முதற்படி: தூரத்தைக் கண்டுபிடித்தல். தரிசு வயல், குளக்கட்டு, விளையாட்டுத் திடல் போன்ற வெளியான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். விடியற்காலை நல்ல நேரம். அயலவர் தம் நாயோடு தூரத்தில் நிற்கட்டும். உங்கள் நாய் அதைக் கண்டும், குரைக்காமல், தீனியை வாங்கித் தின்னும் தூரம் எதுவோ, அதுவே தொடங்கும் இடம். அது நூறு அடியாகவும் இருக்கலாம், முந்நூறு அடியாகவும் இருக்கலாம்.

நாயின் உடம்பு உங்களுக்குச் செய்தி சொல்லும். உடல் விறைத்தல், வாயை இறுக மூடுதல், கண் இமையாமல் பார்த்தல், முதுகு மயிர் சிலிர்த்தல், வால் நட்டுக்கொண்டு நிற்றல் ஆகியவை பாய்ச்சலுக்கு முந்திய அறிகுறிகள். அடிக்கடி மூக்கை நக்குதலும், தூக்கமில்லாத கொட்டாவியும், வாலை ஒடுக்குதலும் அச்சத்தின் அறிகுறிகள். விருப்பமான தீனியையே வாங்க மறுத்தால் நீங்கள் மிகவும் கிட்ட நிற்கிறீர்கள்.

இரண்டாம் படி: பிற நாய் தோன்றினால் தீனி. அயலவர் தம் நாயோடு ஒரு மறைவிலிருந்து வெளியே வரட்டும். உங்கள் நாய் அதைப் பார்த்தவுடன் தீனித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். பிற நாய் மறைவுக்குள் போனதும் தீனியை நிறுத்துங்கள். இந்த ஒழுங்கு முக்கியம்: முன்னால் பிற நாய், பின்னால் தீனி. ஒழுங்கை மாற்றி, தீனிப் பையை முதலில் காட்டினால், "பை வந்தால் பிற நாய் வரும்" என்று நாய் பையையே வெறுக்கத் தொடங்கும்.

ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். காலையும் மாலையும் செய்யலாம். நாய் களைக்கும் முன், நல்லபடி நடக்கும்போதே நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: தூரத்தைக் குறைத்தல். சில நாட்களில் ஒரு மாற்றம் தெரியும். நாய் பிற நாயைப் பார்க்கும். உடனே தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். "அதோ நாய், எங்கே என் முட்டை?" என்று கேட்பது போல் இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து இப்படி நடந்தால் ஐந்து ஆறு அடி கிட்டப் போங்கள். அங்கும் மூன்று நாள். பின் இன்னும் ஐந்து ஆறு அடி.

நான்காம் படி: சேர்ந்து நடத்தல். இரண்டு நாய்களும் ஒரே திசையில், நடுவில் முப்பது நாற்பது அடி விட்டு, கயிற்றில் நடக்கட்டும். நடுவில் இரு மனிதரும், வெளிப்பக்கத்தில் நாய்களுமாக இருப்பது நல்லது. நேருக்கு நேர் வருவது நாய்களின் மொழியில் சவால். பக்கம் பக்கமாக நடப்பது சமாதானம். நாளடைவில் இடைவெளியைக் குறையுங்கள். ஒன்று போன வழியை மற்றது மோந்து பார்க்க விடுங்கள்.

ஐந்தாம் படி: சந்திப்பு. எல்லாம் அமைதியாக நடந்தால், கயிறு தளர்ந்திருக்க, இரண்டு மூன்று விநாடி மோந்து பார்க்க விட்டு, அன்பாகக் கூப்பிட்டுப் பிரியுங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் கயிற்றின் வழியே நாய்க்குப் போய்ச் சேரும். எல்லா நாய்களும் இந்தப் படிக்கு வர வேண்டியதில்லை. பிற நாயைக் கண்டும் காணாததுபோல் போகும் நாயே போதுமான அளவு பழகிய நாய்.

இடையில் நாய் பாய்ந்துவிட்டால் சத்தம் போட வேண்டாம். திரும்பி அப்பால் நடந்துவிடுங்கள். அன்று அவ்வளவுதான். அடுத்த நாள் இன்னும் தூரத்திலிருந்து தொடங்குங்கள். நாய் பாய்ந்தது நாம் அவசரப்பட்டுக் கிட்டப் போனதற்கான அடையாளம்.

நெருக்கமான இடத்தில் என்ன செய்வது?

"நூறு அடி வெளிக்கு நாங்கள் எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தூரம் இல்லாத இடத்தில் மறைப்பு அதன் வேலையைச் செய்யும். நாய் கட்டியிருக்கும் பக்கத்தை நாயின் கண் மட்டத்துக்கு மேலாகக் கிடுகாலோ சாக்காலோ தகரத்தாலோ மறைத்துவிடுங்கள். காணாத நாயை நோக்கிப் பாய்ச்சல் குறையும். குழாயடிக்குக் கூட்டம் வரும் வேளையில் நாயை மறைப்புக்குள் விடுங்கள். சந்தடி அடங்கிய பிறகு வெளியே நடத்துங்கள். ஒழுங்கையில் எதிரே நாய் வந்தால் எதிர்கொள்ள வேண்டாம். ஒதுங்கி, வண்டியோ மரமோ மதிலோ இடையில் வரும்படி நின்று, தீனி கொடுங்கள்.

நாயைக் கட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு கட்டைகளுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையத்தை ஓடவிட்டு, வளையத்தில் கயிற்றைக் கட்டுங்கள். நாய் அங்குமிங்கும் நடக்கலாம். கயிறு கட்டையைச் சுற்றாதபடி கம்பியின் இரு முனையிலும் தடை வையுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பின்னேரத்தில் சற்று நேரம் கயிற்றில் கூட்டிச்செல்லுங்கள். மோந்து திரிந்து களைத்த நாய் அமைதியாகக் கிடக்கும்.

ஒரே வளவில் பல நாய்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டி, தனி மூலை. ஒன்றின் சட்டியை மற்றது காணாதிருப்பது நல்லது. தின்று முடிந்ததும் சட்டிகளை எடுத்துவிடுங்கள்.

கருத்தடை பற்றி

பருவப் பெட்டையைச் சுற்றி வரும் சண்டையைக் குறைக்கச் சிறந்த வழி பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்வது. வேண்டாத குட்டிகளும் குறையும். கடுவனுக்கு விதை நீக்கினால் பெட்டையைத் தேடி அலைவதும், கடுவன்களுக்குள் வரும் போட்டியும் பல நாய்களில் குறையும். ஆனால் அச்சத்தால் பாயும் நாய் அந்தச் சிகிச்சையால் மட்டும் திருந்தாது. உங்கள் நாய்க்கு எது பொருந்தும் என்பதைக் கால்நடை வைத்தியரோடு கதைத்துத் தீர்மானியுங்கள்.

சண்டை மூண்டுவிட்டால்

கையை நடுவே விட வேண்டாம். கழுத்துப் பட்டியைப் பிடிக்கவும் வேண்டாம். சண்டையிலுள்ள நாய் எசமானின் கையென்று பார்க்காது. தடியால் அடித்தால் பிடி இன்னும் இறுகும். பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். ஒரு வாளி தண்ணீரை இரண்டின் முகத்திலும் வீசுங்கள். தகரத்தில் தட்டிப் பெருஞ்சத்தம் எழுப்புங்கள். பலகையையோ, நனைத்த சாக்கையோ இடையில் செலுத்துங்கள். இவை பலிக்காவிட்டால், இரண்டு வளர்ந்தவர்கள் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்கலாம். அதைத் தனி ஆளாகச் செய்ய வேண்டாம்.

யாருக்காவது கடிபட்டால், கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மூலிகைச் சாறு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனியுங்கள். அது நோயுற்றாலோ, இறந்தாலோ, காணாமல் போனாலோ வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். நாய் சுகமாக இருக்கிறது என்பதற்காக வைத்தியர் சொன்ன ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

இளம் நாய் ஒரு மாதத்தில் மாறத் தொடங்கலாம். பல ஆண்டுகள் பாய்ந்து பழகிய நாய்க்குப் பல மாதம் செல்லும். சில நாய்கள் ஒரு நாளும் பிற நாய்களோடு ஓடி விளையாடமாட்டா. அவற்றை ஒதுக்கி, மறைப்புக்குள் அமைதியாக வைத்திருப்பதும் நல்ல பராமரிப்புத்தான். மனிதரையும் கடிக்கும் நாய், பிற நாயைக் கொன்ற நாய் ஆகியவற்றை இந்த முறையால் மட்டும் பழக்க முயல வேண்டாம். அவை பற்றிக் கால்நடை வைத்தியரின் ஆலோசனை வேண்டும்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு வேலை எளிது. தாயிடமிருந்து எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்காதீர்கள். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய்களோடு பழக விடுங்கள். பிள்ளைகளின் சத்தம், மிதிவண்டி, மாடு, கோழி எல்லாவற்றையும் தீனியோடு காட்டுங்கள். இன்று இரண்டு மாதம் செலவிட்டால் நாளை இரண்டு வருடப் பாடு இல்லை.

ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்வதைவிட ஐந்தாறு வீடுகள் சேர்ந்து செய்வது பலன் தரும். பழக்குவதற்குத் துணை நாய் வேண்டுமே. அது அயலவரின் நாய்தான். நாய்களைப் பற்றிச் சண்டையிட்ட இரண்டு வீட்டுக்காரர், காலையில் நாற்பது அடி இடைவெளியில் சேர்ந்து நடக்கத் தொடங்கினால், அவர்களுக்கும் கதைக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது வட்டாரத்தில் எத்தனை நாய்கள் உள்ளன? அவற்றுள் எத்தனைக்கு இவ்வருடம் ஊசி போடப்பட்டது?

2. நாய்ச் சண்டை பெரும்பாலும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மூளுகிறது? அந்த இடத்தில் சோறு கொட்டுவதை நிறுத்த முடியுமா?

3. சாதுவான நாய் உள்ள வீடு எது? காலையில் கால் மணித்தியாலம் உதவ அவர்கள் முன்வருவார்களா?

4. கடிபட்டவரை வைத்தியசாலைக்கு இரவிலும் கொண்டுபோக நம்மிடம் என்ன ஒழுங்கு உண்டு?